குழந்தையின் ரத்தப் பரிசோதனைத் தாள்: ரங்கூன் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகள்

ரங்கூனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் 18 ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கு ரத்தம் எடுத்து வருகிறேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால், பூஜை முடிவதற்குள் யாராவது ஒருவர் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டிவிடுவார். தாள் ஆங்கிலத்தில் இருக்கும். டாக்டர் பர்மியத்தில் சொல்லியிருப்பார். வீட்டில் பாட்டிக்குத் தமிழில் விளக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் நடுவில் பாதி விஷயம் தொலைந்துபோகிறது.

திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். 'சயாமா' என்பது அவர்கள் பர்மியத்தில் என்னை மரியாதையாக அழைப்பது. நான் டாக்டர் இல்லை. தாளைப் புரிந்துகொண்டு டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்க இது உதவும். மருந்தை நீங்களே முடிவு செய்ய இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சயாமா, தாள்ல நாலு இடத்துல எச், எல்னு போட்டிருக்கு. பிள்ளைக்கு நாலு வியாதியா?

இல்லை. எச் என்றால் பக்கத்தில் அச்சிட்ட அளவைவிடக் கூட, எல் என்றால் குறைவு, அவ்வளவுதான். அந்த அளவு எப்படி வந்தது தெரியுமா? நல்ல ஆரோக்கியமான நிறையப் பேரின் ரத்தத்தைப் பார்த்து, அதில் நடுவில் இருக்கும் 95 சதவீதம் பேரின் எண்களை எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 5 சதவீதம் பேரும் ஆரோக்கியமானவர்கள்தான். அதனால் 20 வரி உள்ள தாளில் ஒரு வரியாவது கோட்டுக்கு வெளியே நிற்பது, எந்த நோயும் இல்லாத பிள்ளைக்கும் சகஜம்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பல கூடங்களில் இயந்திரம் அச்சிடும் அந்த அளவு பெரியவர்களுடையது. 8 மாதக் குழந்தையை 40 வயது ஆளின் கோட்டில் நிறுத்திப் பார்த்தால் எச்சும் எல்லும் வரத்தான் செய்யும். எனவே தாளைக் கையில் வாங்கியதும் முதலில் கேளுங்கள்: "இது என் பிள்ளையின் வயதுக்கு உள்ள அளவா?" கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது.

பிறந்தப்ப 17 இருந்த ஹீமோகுளோபின் ரெண்டு மாசத்துல 10 ஆயிருச்சு. என் பால்ல சத்து இல்லையா?

உங்கள் பாலில் ஒரு குறையும் இல்லை. ஹீமோகுளோபின் என்பது சிவப்பணுவுக்குள் ஆக்ஸிஜனைச் சுமக்கும் பொருள். வயிற்றுக்குள் இருக்கும்போது பிள்ளைக்கு ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கிடைக்கும், அதை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களை நிறையச் செய்து வைத்திருக்கும். பிறந்து மூச்சு விட ஆரம்பித்ததும் அவ்வளவு தேவையில்லை. எலும்பு மஜ்ஜை கொஞ்ச நாள் ஓய்வெடுக்கிறது. 8 முதல் 12 வாரத்துக்குள் ஹீமோகுளோபின் 9, 10, 11 என்று இறங்கி, பிறகு தானாக ஏறும். குறைமாதப் பிள்ளைக்கு இன்னும் சீக்கிரமாக, இன்னும் கீழே இறங்கும். அவர்களை மட்டும் டாக்டர் தனியாகக் கவனித்து வர வேண்டும்.

அதற்கப்புறம் எவ்வளவு இருக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2024-இல் திருத்திய கணக்கின்படி 6 மாதம் முதல் 2 வயதுக்குள் 10.5, 5 வயதுக்குள் 11, 5 முதல் 11 வயது வரை 11.5, 12 முதல் 14 வயது வரை 12. எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு. இதற்குக் கீழே போனால்தான் ரத்தசோகை, இங்கே பர்மியத்தில் துவே ஆ நே என்கிறார்களே அது.

இத்தனூண்டு பிள்ளைகிட்ட இவ்வளவு ரத்தம் எடுக்குறீங்களே, தாங்குமா?

பாட்டிமார்கள் என்னைத் திட்டுவதெல்லாம் இதற்காகத்தான். குழந்தையின் உடம்பில் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 75 முதல் 80 மில்லி ரத்தம் இருக்கிறது. 10 கிலோ பிள்ளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல். நாங்கள் எடுப்பது 2 அல்லது 3 மில்லி, அரைத் தேக்கரண்டி. தாங்கும்.

ரத்தம் கம்மின்னு சொன்னாங்க. மூணு மாசமா இரும்பு டானிக் கொடுக்குறேன், ஏறவே மாட்டேங்குது.

முதலில் டானிக் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். பாலிலோ டீயிலோ கலந்து கொடுத்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. நம் ஊரில் 2 வயதுப் பிள்ளைக்கும் லபெயே டீயில் ரொட்டியைத் தோய்த்துக் கொடுக்கிறோம், அந்தத் தேயிலை இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நல்ல இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சரியான அளவில், சரியாகக் கொடுத்தால் 4 வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

அப்போது தாளில் இரண்டு வரியைப் பாருங்கள். ஒன்று எம்சிவி, அதாவது ஒரு சிவப்பணுவின் பருமன். இன்னொன்று சிவப்பணுக்களின் எண்ணிக்கை, மில்லியன் கணக்கில் இருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். போன மாதம் வந்த ஒரு பையனின் தாளில் எம்சிவி 62, எண்ணிக்கை 5.6. வகுத்தால் 11. இன்னொரு பெண் குழந்தைக்கு 66, 4.1. வகுத்தால் 16. விடை 13-க்கு மேல் என்றால் இரும்புக் குறைவு என்று சந்தேகிக்கலாம். 13-க்குக் கீழ் என்றால் தலசீமியா வகையை, அதாவது பெற்றோரிடமிருந்து வரும் ஹீமோகுளோபின் குறைபாட்டைத் தேட வேண்டும். இரும்பு இல்லாத உடம்பு அணுக்களைச் சின்னதாகவும் குறைவாகவும் செய்கிறது. தலசீமியாக் கூறு (அம்மா, அப்பா ஒருவரிடமிருந்து மட்டும் வந்த குறை) உள்ள உடம்போ சின்னதாக, ஆனால் நிறையச் செய்கிறது. இந்தக் கணக்கு ஒரு கைகாட்டிதான், தீர்ப்பு அல்ல. உடம்பில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனையும் ஹீமோகுளோபின் வகை பிரிக்கும் பரிசோதனையும்தான் உறுதி சொல்லும்.

பெரிட்டினிலும் ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சலோ சளியோ இருக்கும்போது எடுத்தால் அது பொய்யாக உயர்ந்து நிற்கும், இரும்பு நிறைய இருப்பதுபோல் காட்டும். உடம்பு நன்றாக இருக்கும்போது எடுப்பது நல்லது.

ஹீமோகுளோபின் இ-ன்னு எழுதியிருக்கு. அது பர்மாக்காரங்களுக்கு வர்றதாச்சே, நமக்கு எப்படி வரும்?

இந்தக் கேள்வி வரும்போது கேட்பவரின் குரல் தணிந்துவிடும். ஹீமோகுளோபின் இ என்பது பரம்பரையாக வரும் ஒரு மாறுபட்ட ஹீமோகுளோபின் வகை; அது தென்கிழக்கு ஆசியா முழுவதும் மிகப் பரவலாக இருப்பது உண்மை. ஆனால் நாம் இந்த மண்ணில் நாலைந்து தலைமுறையாக இருக்கிறோம். பெகுப் பக்கத்துக் கிராமங்களிலும் மோல்மீனிலும் ரங்கூனிலும் பர்மியர், மோன், கரென் மருமகள்களும் மருமகன்களும் இல்லாத தமிழ்க் குடும்பம் எத்தனை? பூட்டியின் கூறு பேரனிடம் தெரிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொரு வகையான பீட்டா தலசீமியாக் கூறு இந்தியாவிலிருந்தும் நம்மோடு வந்திருக்கலாம்.

தாளில் இ சதவீதம் 25, 30 என்ற அளவில் இருந்து, பெரிய அளவு ஏ, அதாவது சாதாரண வகை, என்றும் இருந்தால், பிள்ளை வெறும் கூறு தாங்கி. ஓடலாம், ஆடலாம், மருந்து ஒன்றும் வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் இ வந்தால் இ-தான் பெரும்பங்கு இருக்கும், அதுவும் பெரும்பாலும் லேசானதே. ஒரு பக்கம் இ, மறுபக்கம் பீட்டா தலசீமியா என்று சேர்ந்தால்தான் சிக்கல். சில பிள்ளைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டி வரும். எனவே பிள்ளைக்கு ஒன்று தெரிந்தால் அம்மா, அப்பா இருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வகை பிரிக்கும் பரிசோதனைக்கான ரத்தத்தை, பிள்ளைக்கு ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் தானம் கொடுத்தவரின் ரத்தமும் கலந்து தெரியும், மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

லிம்போசைட் 62 சதவீதமாம். போன்ல தேடினா கேன்சர்னு வருது. ராத்திரி முழுக்கத் தூங்கல.

உங்கள் பிள்ளைக்கு 2 வயது. அந்த வயதில் 62 சரியான எண். லிம்போசைட், நியூட்ரோபில் இரண்டும் வெள்ளணு வகைகள். பெரியவர்கள் ரத்தத்தில் நியூட்ரோபில்தான் அதிகம், லிம்போசைட் குறைவு. பிள்ளைகளுக்கு நேர்மாறு. பிறந்த 4, 5 நாளில் லிம்போசைட் நியூட்ரோபிலை முந்துகிறது. 4, 5 வயதில் மறுபடி இடம் மாறுகிறது. நடுவில் உள்ள இத்தனை வருடமும் லிம்போசைட்டின் ஆட்சிதான். மொத்த வெள்ளணுக்களும் அப்படியே: பெரியவருக்கு 11 ஆயிரமே அதிகம் என்றால், ஒரு வயதுக் குழந்தைக்கு 15 ஆயிரம்கூடச் சாதாரணமாக இருக்கலாம்.

பயப்பட வேண்டிய தாள் வேறு மாதிரி இருக்கும். சிவப்பணு, வெள்ளணு, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் ஆகிய மூன்றில் இரண்டு ஒன்றாகச் சரிந்திருக்கும், அல்லது முதிராத அணுவைக் குறிக்கும் 'பிளாஸ்ட்' என்ற சொல் இருக்கும். பிள்ளை வெளிறியிருப்பான், அடிபடாமலே நீலத்திட்டு வரும், கால் எலும்பு வலிக்கிறது என்று ராத்திரி அழுவான். அப்படியென்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

இயோசினோபில் கூடன்னு போட்டிருக்கு?

இதுவும் ஒரு வெள்ளணு வகை. காரணம் பெரும்பாலும் ஒவ்வாமை, ஆஸ்துமா, கரப்பான் என்ற தோல்நோய், இல்லை குடற்புழு. கடைசியாகப் பூச்சி மாத்திரை எப்போது கொடுத்தீர்கள் என்று நினைத்துப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். வெறுங்காலோடு சேற்றில் விளையாடுவதையும் சொல்லுங்கள்.

டெங்குல பிளேட்லெட் 90 ஆயிரம். ஆனா காய்ச்சல் விட்டுருச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?

இதற்கு மட்டும் நின்று நிதானமாகப் பதில் சொல்வேன். திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்து மழை பிடித்தால் எங்கள் கூடம் டெங்குப் பிள்ளைகளால் நிரம்பிவிடும். காய்ச்சல் இறங்கியதும் அம்மாக்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஆனால் டெங்குவில் ஆபத்து வருவதே காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான், 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது. அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கவனம்.

எல்லோரும் பிளேட்லெட்டையே பார்க்கிறார்கள். அதற்கு மேலே பிசிவி அல்லது ஹீமட்டோக்ரிட் என்று ஒரு வரி இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று காட்டுவது, அதையும் பாருங்கள். நேற்று 36, இன்று 43 என்றால் ரத்தம் ஐந்தில் ஒரு பங்கு கெட்டியாகிவிட்டது, நீர் கசிகிறது என்று அர்த்தம். பிளேட்லெட் இறங்க, பிசிவி ஏற என்று இரண்டும் எதிரெதிராகப் போனால் பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், சுருண்டு படுத்தல், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, இதில் எது இருந்தாலும் அடுத்த தாளுக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோபென் கூடாது.

டெங்குக் கிருமியின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை காய்ச்சலின் முதல் 5 நாளில்தான் நன்றாகக் காட்டும். 'நெகட்டிவ்' வந்தாலும் டெங்கு இல்லை என்று ஆகிவிடாது.

காலையில பிளேட்லெட் 38 ஆயிரம், சாயங்காலம் 2 லட்சம். யாரு பொய் சொல்றா?

யாரும் பொய் சொல்லவில்லை, காலை ரத்தம் கட்டியாகியிருக்கும். பிள்ளை கையை உதறி அழும், ஊசியில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அதற்குள் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அந்தக் கொத்தை எண்ணாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குழாயைச் சாய்த்துப் பார்க்காமல் அப்படியே இயந்திரத்தில் வைத்துவிட்டேன். அடியில் கடுகளவு ரத்தக் கட்டி இருந்திருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து ஒரு தாய் கூடத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் வைத்ததில்லை.

எனவே பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருக்க, எண் மட்டும் பயங்கரமாக இருந்தால், "கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தீர்களா, கொத்து இருந்ததா?" என்று கேளுங்கள். பொட்டாசியமும் இப்படித்தான். குதிகாலைக் குத்திப் பிழிந்து எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும்.

ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 400-க்கு மேல. கல்லீரல் போச்சா?

அது ஒரு நொதி. கல்லீரல் மட்டுமல்ல, வளரும் எலும்பும் அதைச் சுரக்கிறது. பிள்ளைகளுக்குப் பெரியவர்களைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருப்பது இயல்பு. மற்ற கல்லீரல் எண்கள் சரியாக இருந்தால் கல்லீரலை விட்டுவிடலாம். கால் வளைந்திருந்தாலோ மணிக்கட்டு தடித்திருந்தாலோ மட்டும் வைட்டமின் டி குறைவா என்று டாக்டர் பார்ப்பார்.

கிரியேட்டினின் 0.9, நார்மல்னுதான் அச்சடிச்சிருக்கு. டாக்டர் ஏன் பதறுறார்?

டாக்டர் பதறுவது சரி. முதல் கேள்வியில் சொன்னதன் மறுபக்கம் இது. பெரியவரின் கோடு சில நேரம் பிள்ளையைத் தேவையில்லாமல் பயமுறுத்தும்; சில நேரம் உண்மையான ஆபத்தை மறைத்துவிடும். இரண்டாவதுதான் மோசம். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுவது. 3 வயதுப் பிள்ளைக்குத் தசை எவ்வளவு இருக்கும்? அவனுக்கு 0.2, 0.3, 0.4 என்றுதான் இருக்க வேண்டும்.

சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று மதிப்பிட ஒரு கணக்கு உண்டு. உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 0.413-ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். 95 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு 0.9 என்றால் விடை 44 கூட வரவில்லை. 90-க்கு மேல் இருக்க வேண்டியது. தாளில் ஒரு எச்சும் இல்லாமலே சிறுநீரகம் பாதிக்கு மேல் களைத்துப்போயிருக்கிறது.

பச்சப்பிள்ளைக்கு மஞ்சள். பிலிருபின் 11-ங்குறாங்க. காலை வெயில்ல காட்டினா போதாதா?

உடம்பை மஞ்சளாக்கும் பொருள்தான் பிலிருபின். பிறந்து எத்தனை மணி நேரம் என்று சொல்லாமல் 11 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. 4-ஆம் நாள் 11 என்றால் நிறைமாத, நன்றாகப் பால் குடிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கவலையில்லை. முதல் 24 மணி நேரத்துக்குள் 11 என்றால் அவசரம். வெயிலை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரியின் நீல விளக்கு வேறு, முற்றத்து வெயில் வேறு.

முகத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்தைப் பூசியிருந்தால் மஞ்சளும் தெரியாது, வெளிறலும் தெரியாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். கண் வெள்ளையையும் பாருங்கள். 2 வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால், மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால், 'டைரக்ட் பிலிருபின்' எவ்வளவு என்று கேளுங்கள். அது 1-க்கு மேல் என்றால் பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன்.

ஜி6பிடி பரிசோதனையும் கேளுங்கள். அது சிவப்பணுக்கள் உடையாமல் காக்கும் ஒரு நொதி. இந்த நாட்டில் அந்தக் குறைபாடு நிறைய, அதிலும் ஆண் குழந்தைகளுக்கு. குறைவு என்றால் பிள்ளையின் துணிப்பெட்டியில் நாப்தலின் உருண்டை போடக்கூடாது. பின்னாளில் மலேரியா வந்தால் பிரைமகுயின் மருந்து கொடுக்கும் முன் டாக்டருக்குத் தெரிய வேண்டும். தடுப்பூசிப் புத்தகத்தின் அட்டையிலேயே எழுதி வையுங்கள். அணுக்கள் உடைந்து மஞ்சளான நேரத்தில் எடுத்தால் இந்தப் பரிசோதனை சில சமயம் 'நார்மல்' என்று ஏமாற்றும். புது அணுக்களில் அந்த நொதி அதிகம் இருப்பதே காரணம். இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

சென்னையில எடுத்த தாளும் இங்க எடுத்ததும் ஒத்துப்போகல.

எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். சர்க்கரை ஒரு தாளில் 5, இன்னொன்றில் 90 என்றால் இரண்டும் ஒன்றுதான். 5-ஐ 18-ஆல் பெருக்கிப் பாருங்கள். உடம்பில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி லிட்டர் கணக்கில் 40 என்றால், டெசிலிட்டர் கணக்கில் 4. பயணத்தில் எடுத்துப் போகும்போது அலகு தெரியும்படி முழுத் தாளையும் எடுத்துப் போங்கள், எண்ணை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிப் போகாதீர்கள்.

பொண்ணுக்கு ஹீமோகுளோபின் இ கூறுன்னு தாள் இருக்கு. தெரிஞ்சா நாளைக்கு வரன் அமையாது. கிழிச்சுப் போட்டுடவா?

தயவுசெய்து கிழிக்காதீர்கள். ஐந்தாவது கேள்வியில் சொன்னபடி, அவளுக்கு நோய் எதுவும் இல்லை. அவளுக்குத் தேவைப்படுவதெல்லாம், வரப்போகும் மாப்பிள்ளையும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்ப்பது. அவருக்கு எதுவும் இல்லை என்றால் பேரப்பிள்ளைகளுக்குக் கடுமையான நோய் வராது. அவருக்குப் பீட்டா தலசீமியாக் கூறு இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு பிள்ளைக்கு நோயாக வரும். அப்போதும் கல்யாணம் நிற்க வேண்டியதில்லை, கர்ப்பமான 10 முதல் 13 வாரத்துக்குள் கருவைப் பரிசோதிக்க வழி உண்டு என்று டாக்டர் சொல்வார்.

தாளைக் கிழித்துவிட்டுக் கல்யாணம் செய்துகொடுத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பெண் இப்போது மாதத்துக்கு ஒரு முறை தன் மகனை ரத்தம் ஏற்ற அழைத்து வருகிறாள். ஊசி போடும்போது அவன் அழுவதில்லை, கையை அவனே நீட்டுகிறான். உங்கள் பெண்ணின் தாளைப் படம் எடுத்து வையுங்கள், அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜாதகத்தோடு வையுங்கள். அவளுக்கு 15 வயதானதும் நீங்களே உட்கார வைத்து அவளிடம் சொல்லுங்கள்.